அவை இல்லாமல் பழக முடியாத கலை

நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் புகழடைந்ததற்குக் காரணம் தேடும்போது, ஒரு சாரார் அவருடைய இடைவிடாத உழைப்பைச் சுட்டுவதும், மறு சாரார் அவருக்கு வாய்த்த காலத்தையும் இடத்தையும் சுட்டுவதும் வழக்கம். எதிரெதிராக வாதிட்டாலும், பயிற்சி ஒருவர் தம் முயற்சியால் சேர்த்துக்கொள்வது என்றும், வாய்ப்பு அதன் பிறகு வெளியிலிருந்து வந்து சேர்வது என்றும் இரு சாராரும் ஒருசேர நம்புகிறார்கள். வேறு சில துறைகளுக்கு இப்பிரிவினை ஓரளவு பொருந்தலாம். நகைச்சுவைக்கு அது பொருந்துவதில்லை. ஏனெனில் இக்கலையில் பயிற்சி செய்வதற்கே பிறர் மனம் வைத்துத் தரும் மேடையும் எதிரே அமர்ந்திருக்கும் மனிதர்களும் வேண்டியிருக்கிறது.

திறமையை ஆராய்ந்த உளவியலாளர்களுள் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் ஆண்டர்ஸ் எரிக்சன். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மேற்கு பெர்லினில் இருந்த இசைக் கல்வி நிறுவனம் ஒன்றின் வயலின் மாணவர்களைப் பற்றியது. மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் கருதிய மாணவர்கள் பதினெட்டு வயதுக்குள் ஏறத்தாழ 7,400 மணி நேரமும், அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள் 5,300 மணி நேரமும், பள்ளி இசை ஆசிரியர்களாகப் போகவிருந்தவர்கள் 3,400 மணி நேரமும் பழகியிருந்தார்கள் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. இந்த மணிகள் எல்லாமே தனியாக அமர்ந்து பழகியவை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தன் குறை எது என்று கண்டு, அந்தக் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சியின் விளைவையும் கவனித்துத் திருத்திக்கொண்டே போகும் இத்தகைய உழைப்பை எரிக்சன் வெறும் அனுபவத்திலிருந்து வேறுபடுத்தினார். இதைத் தமிழில் திட்டமிட்ட பயிற்சி எனலாம். மால்கம் கிளாட்வெல் 2008ஆம் ஆண்டில் எழுதிய நூலின் வழியாக இது பத்தாயிரம் மணி நேர விதி என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அப்படியொரு விதியைத் தாம் சொல்லவே இல்லை என்று எரிக்சன் பின்னாளில் மறுத்தபோதும், உருண்டையான எண்ணுக்கு இருக்கும் கவர்ச்சி மறுப்புக்கு இருப்பதில்லை.

புரூக் மக்னமாராவும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2014ஆம் ஆண்டில் அதுவரை வந்த 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆட்களுக்கிடையே காணப்படும் திறமை வேறுபாட்டில் எத்தனை விழுக்காட்டைப் பயிற்சியின் அளவைக் கொண்டு விளக்க முடியும் என்பதே அவர்களின் கேள்வி. சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடும், இசையில் 21 விழுக்காடும், விளையாட்டுகளில் 18 விழுக்காடும், கல்வியில் 4 விழுக்காடும் கிடைத்தன. பிற தொழில்களில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. விதிகள் மாறாமலும் சூழல் முன்கூட்டிக் கணிக்கத்தக்கதாகவும் இருக்கும் இடத்தில் பயிற்சியின் பங்கு கூடுகிறது என்பது இந்த வரிசையிலிருந்து புலப்படுகிறது. அளவிட்ட முறையைக் குறித்து எரிக்சன் தரப்பு கடுமையாகவே வாதிட்டது என்றாலும், பயிற்சி மணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாத் துறையிலும் ஒரே வேகத்தில் உயரலாம் என்ற எண்ணம் இதன் பிறகு நிற்கவில்லை.

இந்த வரிசையில் நகைச்சுவையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, அக்கலைஞரின் கருவி எது என்று பார்ப்பதிலிருந்து விடை தொடங்குகிறது. வயலின் மாணவரின் கருவி அவருடைய அறையிலேயே இருக்கிறது. சுருதி பிசகினால் அவருடைய காதே சொல்லிவிடும். தாம் எழுதிய நகைச்சுவை நகைக்கத்தக்கதா என்பதைக் கலைஞரின் காது சொல்வதில்லை, ஏனென்றால் முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒருவருக்குச் சிரிப்பைத் தூண்டும் எதிர்பாராமை இல்லை. தனிமையில் இருப்பவர்களைவிடப் பிறரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் கண்டறிந்தார். அதாவது சிரிப்பு, வேடிக்கைக்கு ஒரு மனம் தரும் மதிப்பெண் என்பதைக் காட்டிலும் மனிதர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சைகையாகவே பெரிதும் இயங்குகிறது; நிலைக்கண்ணாடி முன் நின்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தாலும் அந்தச் சைகையை வரவழைக்க இயலாது.

உள்ளுணர்வு எப்போது நம்பத்தக்க திறமையாக முதிர்கிறது என்ற கேள்விக்கு டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009ஆம் ஆண்டில் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு நிபந்தனைகளைக் கூறுகிறது. சூழலில் கற்றுக்கொள்ளத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும்படி செயலின் விளைவு விரைவாகவும் ஐயமின்றியும் திரும்பி வர வேண்டும். இரண்டாவது நிபந்தனையில் நகைச்சுவைக்கு நிகரான தொழில்கள் குறைவு. மருத்துவர் தம் முடிவின் விளைவை அறிய வாரங்கள் ஆகலாம், நகைச்சுவைக் கலைஞருக்கோ வாக்கியம் முடிந்த அடுத்த நொடியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. முதல் நிபந்தனைதான் சிக்கலானது. ஒரே துணுக்கு சனிக்கிழமை இரவில் அரங்கை அதிர வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பாதி காலியான அரங்கில் மௌனத்தைச் சந்திக்கும். பிழை துணுக்கில் இருந்ததா அவையில் இருந்ததா என்பது அந்த ஓர் இரவில் தெரியாது. புள்ளியியலில் இதைச் சமிக்ஞையோடு கலந்த இரைச்சல் என்பார்கள். இரைச்சலைக் கழித்துச் சமிக்ஞையை எடுப்பதற்கு இருக்கும் ஒரே வழி எண்ணிக்கை, அதாவது பல அவைகள், பல ஊர்கள், பல இரவுகள்.

நேரம் பார்த்துச் சொல்வது என்று எல்லாரும் வியக்கும் திறன்கூட இந்த எண்ணிக்கையிலிருந்து பிரிக்க முடியாதது. சிரிப்பு வெடிக்க வேண்டிய வரிக்கு முன்னால் கலைஞர்கள் ஒரு கணம் நிறுத்துகிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. லூசி பிக்கரிங், சால்வடோர் அட்டார்டோ ஆகியோரின் குழு, நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லியவர்களின் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, அந்த வரிக்கு முன் குறிப்பிடத்தக்க இடைவெளி எதுவும் வரவில்லை. ஆகவே நேரம் என்பது பாடமாக ஒப்பிக்கத்தக்க ஒரு நிறுத்தம் அன்று எனக் கொள்ளலாம். எதிரே எழும் சிரிப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கேட்டு அடுத்த சொல்லை இறக்கிவிடும் ஒத்திசைவாகவே அது இருக்க வேண்டும். இதற்குக் கவனம் முழுவதும் அவையின் மீது இருந்தாக வேண்டும். எந்தத் திறனும் முதலில் யோசித்துச் செய்யும் நிலையையும், பிறகு பிழைகள் குறையும் நிலையையும் கடந்து, கடைசியில் தானாக நிகழும் நிலையை அடைகிறது என்று பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967ஆம் ஆண்டில் விளக்கினார்கள். அந்த மூன்றாம் நிலையில்தான் கலைஞரின் வாயும் உடலும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ள, அவருடைய மனம் அவையைக் கேட்கும் ஓய்வைப் பெறுகிறது.

இத்தனை அவைகளை ஓர் இளைஞருக்கு யார் தருவார்கள் என்ற கேள்வி அடுத்து எழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதற்கு ஒரு விடை இருந்தது. பாட்டும் கூத்தும் வித்தையும் கலந்து ஒரே இரவில் பல உருப்படிகளைக் காட்டிய மியூசிக் ஹால் என்னும் அரங்குகள் நாடெங்கும் இருந்தன. இரவுக்கு இரண்டு காட்சிகள் என்பது அவற்றின் வழக்கம். வசனம் பேசும் நாடகத்துக்கான உரிமை அதற்கென உரிமம் பெற்ற அரங்குகளுக்கே இருந்ததால், இவ்வரங்குகளுக்காக நகைச்சுவை உருப்படிகளைத் தயாரித்த ஃபிரெட் கார்னோ, பேச்சைக் குறைத்து உடலாலேயே சிரிக்க வைக்கும் ஊமைக் கூத்தை வளர்த்தெடுத்தார். ஒரே சமயத்தில் பல குழுக்களை அவர் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார், ஒரு குழுவில் நடிகர் விலகினால் இன்னொன்றிலிருந்து ஆள் வருவார், உருப்படி மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது, என்.எஸ். கிருஷ்ணனும் அப்படியொரு நாடகக் குழுவில் தேறித்தான் திரைக்கு வந்தார்.

சார்லி சாப்ளின் 1908ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில் கார்னோவிடம் சேர்ந்தபோது அவருக்குப் பின்னால் ஒன்பது ஆண்டு மேடை அனுபவம் இருந்தது. அவர் 1889ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தார்; அவருடைய தாயும் தந்தையும் மியூசிக் ஹால் பாடகர்கள். ஒன்பது வயதில் சிறுவர்களின் நடனக் குழு ஒன்றில் சேர்ந்து, பதினான்காம் வயது முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் எடுபிடிப் பையனாக நடித்துக்கொண்டு நாட்டைச் சுற்றினார். வறுமை அவரை உருவாக்கியது என்று வாழ்க்கை வரலாறுகள் விரித்து எழுதுவதுண்டு. ஆனால் அதே வறுமையில் வாடிய ஆயிரக்கணக்கான லண்டன் சிறுவர்களுக்கு மேடை வாசலைத் திறந்துவிடத் தெரிந்த பெற்றோர் இல்லை என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. கார்னோவிடம் சேர்ந்ததும்கூட, அங்கே ஏற்கெனவே பணியில் இருந்த அண்ணன் சிட்னியின் பரிந்துரையால்தான். அதற்குச் சற்று முன்னர் சாப்ளின் தனியாக ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார்: யூதர்கள் மிகுந்த பகுதியிலிருந்த ஓர் அரங்கில், யூத நகைச்சுவையாளர் என்று சொல்லிக்கொண்டு மேடையேறி, நாணயங்களாலும் ஆரஞ்சுத் தோலாலும் அடிபட்டு இறங்கியதைத் தம் தன்வரலாற்றிலேயே அவர் எழுதியிருக்கிறார். தனியாளுக்கு அந்த ஓர் இரவே முடிவாகிவிட்டது. கார்னோவின் குழுவில் ஓர் இரவு பிசகினால் மறுநாள் இரண்டு காட்சிகள் காத்திருந்தன, வாரக் கூலியும் நிற்கவில்லை. தோற்பதற்குக் கொடுக்கும் விலையைக் குறைத்து வைத்ததே அந்த நிறுவனம் அளித்த பயிற்சியின் சாரம் என்று கூறலாம்.

இங்கே ஆய்வாளர் திட்டமிட்டு அமைத்ததுபோல் ஓர் ஒப்பீடு வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1910ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்காகக் கப்பலேறிய கார்னோ குழுவில் சாப்ளினோடு, அவருக்கு மாற்றாளாகப் பாடம் கற்று வைத்திருந்த ஸ்டான்லி ஜெஃபர்சன் என்ற இளைஞரும் இருந்தார். பிற்காலத்து ஸ்டான் லாரல் அவரே. வயதில் சாப்ளினுக்கு ஓராண்டு இளையவர், நாடக அரங்கு நடத்தியவரின் மகன், அதே உருப்படிகளை அதே முதலாளியிடம் கற்றவர். பயிற்சி மட்டுமே தீர்மானிப்பதாயின் இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. அமெரிக்காவில் திரைப்படம் அப்போது வாரந்தோறும் புதுப் படங்களைக் கேட்டுக்கொண்டிருந்த தொழில். கீஸ்டோன் நிறுவனத்தின் முன்னணி நகைச்சுவை நடிகர் ஃபோர்டு ஸ்டெர்லிங் விலகக்கூடும் என்ற நிலையில், அவ்விடத்தை நிரப்ப ஆள் தேடியவர்களின் கண்ணில் இரண்டாவது சுற்றுப்பயணத்தில் இருந்த சாப்ளின் பட்டார். 1913 செப்டம்பரில் வாரம் 150 டாலருக்கு ஒப்பந்தமானார். 1914ஆம் ஆண்டில் மட்டும் முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார். நாடோடி வேடத்தில் அவரை மக்கள் முதலில் திரையில் கண்ட படம், கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரில் நடந்த உண்மையான சிறுவர் வண்டிப் பந்தயத்தின் இடையே எடுக்கப்பட்டது. அவர் யாரென்று அறியாத கூட்டம் அவருடைய சேட்டைகளைப் பார்த்துச் சிரிப்பதை அதில் இன்றும் காணலாம். உரிமச் சட்டம் ஒன்றின் காரணமாகப் பேச்சில்லாமல் வளர்ந்த கலை, பேசத் தெரியாத ஒரு புதிய ஊடகத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியதை எந்தப் பயிற்சித் திட்டமும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. இரண்டரை ஆண்டுகளுக்குள், 1916ஆம் ஆண்டின் மியூச்சுவல் நிறுவன ஒப்பந்தத்தில், அவருடைய வாரச் சம்பளம் 10,000 டாலராகியிருந்தது.

சாப்ளின் போன பிறகு கார்னோவின் அமெரிக்கக் குழு நிலைக்கவில்லை. அரங்கு உரிமையாளர்களுக்கு வேண்டியிருந்தது அவர்தான். லாரல் அமெரிக்காவிலேயே தங்கி, சிறு அரங்குகளில் நடித்தார், சில காலம் சாப்ளினைப் போலவே வேடமிட்டும் பிழைத்தார். 1917ஆம் ஆண்டில் திரைக்கு வந்தும் நிலையான இடம் கிடைக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று வேதியியலைச் சேர்ந்தது. அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது, நீல ஒளியை மிகையாக உணரும். ஆகவே லாரலின் வெளிர்நீலக் கண்கள் திரையில் வெளுத்து வெறுமையாகத் தெரிந்தன. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாக உணரும் பான்குரோமாட்டிக் படச்சுருள் 1920களின் நடுப்பகுதியில் பரவலான பிறகே அக்குறை நீங்கியது. 1926ஆம் ஆண்டில் ஹால் ரோச்சின் படப்பிடிப்பு நிலையத்தில் அவர் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் அடங்கியிருந்தபோது, ஆலிவர் ஹார்டி வீட்டில் சமைக்கையில் கையைச் சுட்டுக்கொள்ள, அவருக்குப் பதிலாக லாரலே மீண்டும் நடிக்க நேர்ந்தது. 1927ஆம் ஆண்டில் இருவரும் இணையாக நிலைபெற்றார்கள். கப்பலேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைக்காலம் வீணானது என்று சொல்ல முடியாது, திரைக்கதையும் படத்தொகுப்பும் அப்போதுதான் அவருக்குக் கைவந்தன. இணையின் படங்களில் திரைக்குப் பின்னால் இருந்து முடிவெடுத்தவர் பெரும்பாலும் அவர்தான்.

மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. பில்லி ரிட்சி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சாப்ளினுக்கு முன்பே கார்னோவின் குடிகாரர் வேடத்தை அமெரிக்காவில் நடித்தவர். 1914ஆம் ஆண்டிலேயே படக் கதாநாயகனாகவும் ஆனார். பயிற்சியும் இருந்தது, வாய்ப்பும் கிடைத்தது, ஆனால் சில மாதங்கள் பிந்திக் கிடைத்தது. அதற்குள் தொளதொளத்த கால்சட்டையும் சிறு மீசையும் சாப்ளினின் சொத்தாகியிருந்தன. முதலில் செய்தவர் தாமே என்று ரிட்சி வாதிட்டும், பார்வையாளர்கள் அவரை நகலாகவே கண்டார்கள்.

இத்தகைய நிகழ்வை மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சோதனை வடிவில் காட்டுகிறது. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அறிமுகமில்லாத 48 பாடல்களைக் கேட்க வைத்து, தத்தம் உலகில் எந்தப் பாடலை எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். ஒவ்வோர் உலகிலும் வெவ்வேறு பாடல்கள் முதலிடத்துக்கு வந்தன. மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போனதும், மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது, ஆனால் இடைப்பட்டவற்றின் கதி எப்படியும் ஆகலாம் என்றிருந்தது. தரம் ஒரு வாசற்படியைத் தாண்ட உதவுகிறது. அதற்கு மேல், தொடக்கத்தில் விழுந்த சிறு சாய்வு தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. இருப்பவருக்கே மேலும் சேரும் இப்போக்குக்கு, அறிவியல் புகழைப் பற்றி 1968ஆம் ஆண்டில் எழுதிய ராபர்ட் மெர்ட்டன், மத்தேயு நற்செய்தியை ஒட்டி மத்தேயு விளைவு என்று பெயரிட்டார்.

மெர்ட்டன் பேசியது பாராட்டையும் பணத்தையும் பற்றி. நகைச்சுவையில் இதே விளைவு பயிற்சியின் மீதும் படிகிறது என்பதே பொதுவாகக் கவனிக்கப்படாதது. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆவணத்தொடர், சாப்ளினின் மியூச்சுவல் காலத்தில் ஒதுக்கப்பட்ட படச்சுருள்களைத் தேடியெடுத்து, பலகை எண்களின் வரிசைப்படி அடுக்கிக் காட்டியது. 1917ஆம் ஆண்டில் வெளிவந்த குடியேறிகளைப் பற்றிய படம், முதலில் ஓர் உணவகக் காட்சியாகவே தொடங்கியது என்பதும், அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கையில்தான் கப்பலும் கடற்பயணமும் கதைக்குள் வந்தன என்பதும் அதில் தெரிகிறது. ஒத்திகையையே படமாக்கிப் பார்த்து, தவறியதைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கும் இந்தச் சலுகை கீஸ்டோனின் அவசரத்தில் எவருக்கும் கிடைத்திருக்காது. 1928 டிசம்பரில் தொடங்கி 1931 ஜனவரியில் வெளியான சிட்டி லைட்ஸ் படத்தில், பார்வையற்ற பூக்காரி நாடோடியைப் பணக்காரர் என்று நினைத்துக்கொள்ளும் காட்சியை அவர் நூற்றுக்கணக்கான முறை எடுத்தார். படப்பிடிப்பு நிலையம் அவருடையது, பணமும் அவருடையது. இல்லையென்றால் கார் கதவு சாத்தப்படும் ஓசையிலிருந்து அவள் தவறாகப் புரிந்துகொள்கிறாள் என்ற எளிய தீர்வு கிடைப்பதற்குள் முதலீட்டாளர் எவரும் படத்தை நிறுத்தியிருப்பார். எரிக்சன் விவரித்த திட்டமிட்ட பயிற்சியின் மிகத் தூய வடிவம், வெற்றிக்குப் பிறகே சாப்ளினுக்குக் கிட்டியது.

மேடை நேரம் பயிற்சியா ஊதியமா என்ற கேள்வி வெளிப்படையான தொழிற்சங்கப் போராட்டமாகவே வெடித்த இடம் லாஸ் ஏஞ்சலஸ். ஜானி கார்சனின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1972ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து அங்கே இடம்பெயர, அதில் ஆறு நிமிடம் தோன்றுவதே வாழ்நாள் திருப்பம் என்று நம்பிய இளம் கலைஞர்கள் அதைப் பின்தொடர்ந்தார்கள். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட காமெடி ஸ்டோர் என்னும் மன்றம் அவர்களுக்கு இரவுதோறும் மேடை தந்தது, ஆனால் பணம் தரவில்லை. இது பள்ளிக்கூடம், பழகும் இடம் என்பது அதை நடத்திய மிட்ஸி ஷோரின் வாதம். நுழைவுக் கட்டணமும் மது விற்பனையும் கொழிக்கும் இடம் பள்ளிக்கூடமாகாது என்பது கலைஞர்களின் வாதம். 1979ஆம் ஆண்டில் வாரக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு முறை மேடையேற 25 டாலர் என்று ஒப்பந்தமானது. ஒரு வகையில் இரு தரப்பும் சொன்னது உண்மையே. கூலியில்லாத மேடையில் பல ஆண்டுகள் நிற்க யாரால் முடியும் என்பதுதான் அந்த வாதத்துக்குள் புதைந்திருந்த கேள்வி. பகலில் வேறு வேலை பார்த்து இரவில் விழித்திருக்கும் உடலும், வாடகைக்கு உதவும் குடும்பமும் உள்ளவருக்கே பயிற்சி மணிகள் ஏறின. பெண்களுக்கு அந்த மணிகள் இன்னும் குறைவாகவே கிடைத்தன; 1970களின் இறுதியில் அதே மன்றத்தின் மாடியில் பெண்களுக்கென ஒரு சிறு அறை திறக்கப்பட்டதிலிருந்தே, முதன்மை மேடையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று ஊகிக்கலாம்.

அடுத்த பத்தாண்டில் அமெரிக்க நகரங்களெங்கும் நகைச்சுவை மன்றங்கள் பெருகி, நடுத்தரத் திறமை உள்ளவரும் வாரம் முழுதும் மேடையேறிச் சம்பாதிக்க முடிந்தது. தொலைக்காட்சியிலேயே வீட்டுக்குள் நகைச்சுவை வந்து குவிந்ததும் அம்மன்றங்களில் பல 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. 1983ஆம் ஆண்டில் தொடங்கிய இளைஞருக்கும் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய இளைஞருக்கும் விடாமுயற்சியில் வேறுபாடு இருந்திருக்கத் தேவையில்லை. முன்னவர் ஓராண்டில் சந்தித்த அவைகளைச் சந்திக்கப் பின்னவருக்கு அதைவிடப் பல மடங்கு காலம் பிடித்திருக்கும்.